கதவைத் திறந்த எறும்பு

மேட்டு லயத்து அக்கா என்று சொன்னால்தான் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவரைத் தெரியும். தொழிலாளர்களுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுகளைத்தான் அங்கே லயம் என்பார்கள். அவருக்கு வைத்த பெயர் இன்னும் நாலு பெண்களுக்கு இருந்ததால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பக்கத்திலிருந்தும் "என்னாங்க?" என்று கேட்கும். மேட்டு லயத்து அக்கா என்று கூப்பிட்டால் ஒரே ஒரு குரல்தான் வரும். அந்த ஒரு குரல் எதிர் மலைவரைக்கும் போகும். ஆகவே நானும் அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

நான் அப்போது படம் காட்டுகிற வண்டியில் ஆபரேட்டர். ஐம்பதுகளின் நடுப்பகுதி. டிரைவர் ஒருவர், நான் ஒருவன், ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் திரை, ஒரு மைக். இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவிலிருந்து பட்டிப்பொல வரைக்கும் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சுகாதாரப் படம் காட்டுவோம். ஈ மொய்த்தால் என்ன ஆகும், குடலில் புழு எப்படி வளரும், கையை ஏன் கழுவ வேண்டும். இதையெல்லாம் பார்க்க எந்த மனிதனும் தன்னுடைய ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க மாட்டான் என்பது எங்கள் ஆபீசுக்கும் தெரிந்திருந்தது. அதனால் முதலில் கார்ட்டூன் போட்டு ஆட்களை உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் குடற்புழுவை அவிழ்த்து விடுவோம்.

அந்தக் கார்ட்டூன்கள் வந்து சேர்ந்த கதை வேறு. சுதந்திரத்துக்குப் பிறகு ஊரைப் பார்க்கப் போய்விட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை, தன் பங்களாவில் கிடந்த ஒரு தகரப்பெட்டியை எங்கள் ஆபீசுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே நாலைந்து சுருள். நான் பிறப்பதற்கு முன்னாலேயே சீமையில் யாரோ உட்கார்ந்து வரைந்த ஊமைப் படங்கள். நரியும் காகமும், ஆமையும் முயலும், சிங்கமும் சுண்டெலியும், எறும்பும் வெட்டுக்கிளியும். கறுப்பு வெள்ளையில் கிழிசலும் கீறலுமாக ஓடும். மிருகங்கள் வாயைத் திறந்து திறந்து மூடும்; சத்தம் வராது. நடுவில் இங்கிலீஷில் எழுத்து வந்து போகும். ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிஷம்.

சத்தம் இல்லாத படத்துக்கு விளக்கம் சொல்வது என் வேலை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. சீனியர் வரைக்கும் படித்தவன் அல்லவா? ஒவ்வொரு படத்துக்கும் சுத்தமான தமிழில் எழுதி வைத்திருந்தேன். "நரியானது காகத்தை நோக்கி, காகமே, உன் குரல் எத்துணை இனிமையானது என்று பகர்ந்தது." இதை மைக்கில் வாசிக்கும்போது நான் ஏதோ சட்டசபையில் பேசுவதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருந்தது அந்தத் தோட்டம். ஸ்டோர் என்று அங்கே சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில்தான் படம். வழக்கமாகக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற இடம். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து இருக்காது. வாசனை மட்டும் இருக்கும். ஜன்னல்களுக்கெல்லாம் சாக்கைக் கட்டி இருட்டாக்கிவிட்டால் பட்டப்பகலிலேயே படம் காட்டலாம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் என்னுடைய மெஷின்.

முதல் தடவை நரியும் காகமும் போட்டேன். காகத்தின் வாயில் முக்கோணமாக ஒரு சாமான் இருந்தது. "பாலாடைக்கட்டியைக் கவ்விய காகம்" என்று வாசித்தேன். ஆண்கள் பக்கமிருந்து ஒருவர், "அது என்னாங்க சாமான்?" என்று கேட்டார். எனக்கும் அதைக் கண்ணால் கண்ட பழக்கம் கிடையாது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். அதற்குள் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ரொட்டித் துண்டுங்க. வெள்ளன பெரட்டுல பேர் குடுக்கப் போறப்ப மடியில கட்டிக்கிட்டுப் போறோமே, அதுதான்."

"அதுல ஏன் ஓட்ட ஓட்டயா இருக்கு?"

"எலி கடிச்சிருக்கு. ஒங்க காம்பராவில எலியே இல்லையாக்கும்?"

மாடி முழுக்கச் சிரிப்பு. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தேன். யார் கேட்கிறார்கள்? திரையில் நரி வாயைத் திறந்ததும் அந்தக் குரலே நரியாகப் பேசியது. காகம் தலையை ஆட்டியதும் காகமாகப் பேசியது. நரிக்குக் கங்காணி குரல். குழைந்து குழைந்து வேலை வாங்குகிற குரல். காகத்துக்குக் கலியாணமாகாத ஒரு வெட்கக்காரியின் குரல். நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மைக்கை நீட்டி, "நீங்களே சொல்லுங்க" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"அது எதுக்கு தம்பி? எனக்குத்தான் தொண்ட இருக்கே" என்றார்.

காகத்தின் வாயிலிருந்து ரொட்டி விழுந்தது. நரி எடுத்துக்கொண்டு ஓடியது. படத்தில் காகம் வெறுமனே கிளையில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். என் தாளில் "முகஸ்துதிக்கு மயங்காதே" என்று இருந்தது. அக்காவோ காகத்தின் குரலில் சாவகாசமாகச் சொன்னார்: "போறான் போ. எம் பாட்ட நல்லாருக்குன்னு இத்தன வருசத்துல ஒருத்தன் சொல்லிப்புட்டான்ல. அதுக்கு ஒரு ரொட்டி போனாப் போவட்டும்."

ஆண்கள் பக்கத்தில் ஒரு கிழவர் இருமலும் சிரிப்புமாக உருண்டு போனார். அந்தத் தோட்டத்தின் பாட்டுக்காரர் அவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படம் முடிந்ததும் அக்காவைப் பக்கத்தில் பார்த்தேன். நாற்பது நாற்பத்தைந்து வயது. ஒல்லி. தலையில் கூடைக்கயிறு அழுத்தி அழுத்தி நெற்றியில் ஒரு கோடு. "ஏன் அக்கா நடுவுல பேசினீங்க?" என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை.

"அதுக பாவம் தம்பி, வாயத் தொறந்து தொறந்து மூடுதுக. யாராச்சும் ஒரு வாய் குடுக்கணுமில்ல?"

இதுதான் அந்த மனுஷி. இதற்கு மேல் நான் எழுதுகிறதெல்லாம் இந்த ஒரு பேச்சுக்கு விளக்கம்தான்.

வாயில்லாத எதைக் கண்டாலும் அவருக்குப் பொறுக்காது. ஒரு முறை தலவாக்கலையிலிருந்து வருகிற பஸ்ஸில் நானும் இருந்தேன். ஒரு ஆச்சி கூடையில் கோழியோடு ஏறினார். கண்டக்டர் சிங்களத்தில் சத்தம் போட்டு, கோழியை இறக்கச் சொன்னார். ஆச்சிக்குச் சிங்களம் வராது, முழித்தார். பின்சீட்டிலிருந்து கீச்சுக்குரலில், "மமத் எனவா மாத்தயா" என்று வந்தது. நானும் வருகிறேன் ஐயா என்று கோழியே கெஞ்சியது. கண்டக்டர் கூடையைப் பார்த்தார், ஆச்சியைப் பார்த்தார், சிரித்துவிட்டு விசிலை ஊதினார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் நடந்ததை மற்றவர்கள் சொல்லிக் கேள்வி. கலியாணமாகி ஆறு மாதமான ஒரு பெண், மருந்து கொடுக்கிற ஐயா கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம். கூடப் போன அக்கா எங்கே வலி, எத்தனை நாளாய், சோறு இறங்குகிறதா என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாராம். ஐயா எரிச்சலில், "வலி ஒனக்கா அவளுக்கா?" என்று கேட்டிருக்கிறார். "வலி அவளுக்குங்க, வாய் எனக்குங்க" என்றாராம் இவர். அந்த ஐயா அதற்கப்புறம் யாராவது பேசாமல் நின்றால், போய் மேட்டு லயத்திலிருந்து வாயைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் ஒரு விஷயம். தன் காரியத்துக்கு அவர் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. புருஷன் செத்தபோதும் சரி, மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியபோதும் சரி. "எனக்கென்னா, நல்லாத்தான இருக்கேன்" என்பார். ஊருக்கெல்லாம் வாய் கொடுத்தவருக்குத் தனக்கென்று ஒரு வாய் மிச்சமில்லாமல் போய்விட்டது என்று எனக்குச் சில சமயம் வருத்தமாக இருக்கும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். படத்தில் இருப்பதை அவர் ஒருநாளும் மாற்ற மாட்டார். ரொட்டி விழுந்தால் விழுந்ததுதான். முயல் தூங்கினால் தூங்கினதுதான். "கண்ணுக்குத் தெரியிறத இல்லைன்னு சொன்னா சனம் நம்பாது தம்பி. வாய் மட்டுந்தான் நம்மளோடது" என்பார். பொய் சொல்லாமல் பேசித்தான் ஜெயிக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரித்தாரா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து லாவணி பாடுவார்கள். எதிராளி சொன்ன சொல்லையே பிடித்து அவனை மடக்க வேண்டும். பதில் வராவிட்டால் தோல்வி. தோற்றவர் கோபப்படாமல், "சரி" என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அந்தத் தோட்டத்தில் எரியாத கட்சிக்கு இருபது வருஷமாகப் பாடியவர்தான் நான் சொன்ன பாட்டுக்காரர். பெண்கள் லாவணி பாடும் வழக்கம் இல்லை. அதனால் என்ன? அக்கா பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எரிந்த கட்சிக்கு அடியெடுத்துக் கொடுப்பார். கிழவர் பாட்டை நிறுத்திவிட்டு, "ஏ வாயாடி, மேடையில நான் ஒன்னோடயா பாடுறேன்?" என்று கத்துவார். பதினைந்து வருஷச் சண்டை. இரண்டு பேருக்கும் உறவுமுறை ஒன்றும் கிடையாது.

இந்தக் கூத்துப் பழக்கத்தில்தான் அந்தச் சனம் என்னுடைய கார்ட்டூனையும் பார்த்தது. வேறு ஊரில் ஆமை ஜெயித்தால் கைதட்டிவிட்டு எழுந்து போவார்கள். இங்கே ஆண்கள் பக்கம் முயல் கட்சி, பெண்கள் பக்கம் ஆமைக் கட்சி. படம் முடிந்த பிறகு அரை மணி நேரம் வாக்குவாதம். தூங்குகிறவனை எழுப்பாமல் போனது நியாயமா என்று முயல் கட்சி கேட்கும். ஒருநாள் முயல் கட்சி மல்லுக்கட்டியபோது நான் ஒரு வேடிக்கை செய்தேன். என் மெஷினில் ஒரு பிடியைத் திருப்பினால் படம் பின்பக்கமாக ஓடும். ஆமை எல்லைக்கோட்டிலிருந்து பின்னாலேயே நடந்து போய்ப் புறப்பட்ட இடத்தில் நின்றது. முயல் முதுகு காட்டிப் பறந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும், "தம்பி, திருப்பு!" என்று கேட்பார்கள். எனக்குத் தரப்பட்டிருந்த கண்டிப்பான உத்தரவு ஒன்றே ஒன்றுதான்: முன்னால் ஓடினாலும் பின்னால் ஓடினாலும் படம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் விளக்கின் சூட்டில் அந்த இடம் பொசுங்கிவிடும்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பாட்டுக்காரருக்கு நெஞ்சு போய்விட்டது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தூக்கினால் இருமல் வரும். வேலைக்குப் போகாத நாள் கூடிக்கொண்டே போய், கடைசியில் பேரை வெட்டிவிட்டார்கள். தோட்டத்தில் பேர் இருந்தால்தான் லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஒற்றை அறை. பேர் இல்லாதவருக்குக் கூரை இல்லை. அந்த மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும் என்று கண்டாக்கையா வந்து சொல்லிவிட்டுப் போனார். கண்டாக்கையா என்பது தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அடுத்தபடியாக மலையைப் பார்க்கிற உத்தியோகஸ்தர். புதிதாகக் கலியாணமான ஒரு சோடிக்கு அந்தக் காம்பரா வேண்டியிருந்தது. அதுவும் பொய் இல்லை. கிழவருக்குப் போக்கிடம் கிடையாது. இந்தியாவில் யாரும் இல்லை. இங்கேயும் அந்த ஒரு காம்பராவைத் தவிர ஒன்றும் இல்லை.

இது நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தத் தோட்டத்துத் துரையிடமிருந்து எங்கள் ஆபீசுக்குச் செய்தி வந்தது. எறும்புப் படத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். அவரே வந்து உட்கார்ந்து பார்ப்பாராம்.

வண்டி போய் நின்றதும் அக்கா என்னைத் தேடி வந்தார். "எறும்புப் படத்துல என்னா நடக்கும் தம்பி?" என்று கேட்டார். நான் சொன்னேன். எறும்புகள் கோடை முழுக்கச் சேர்த்து வைக்கும். வெட்டுக்கிளி பாடிக்கொண்டு திரியும். பனி விழும். வெட்டுக்கிளி பசியோடு வந்து கதவைத் தட்டும். எறும்பு கதவைத் திறந்து, விரலை ஆட்டித் திட்டிவிட்டுக் கதவைச் சாத்தும். வெட்டுக்கிளி பனியில் விழுந்துவிடும்.

"தொறந்துட்டா சாத்தும்?"

"ஆமா அக்கா."

"சாத்துறத மாத்தி வரைய முடியாதில்ல?"

"எப்படி அக்கா முடியும்?"

அவர் நெற்றியில் கூடைக்கயிறு பதிந்த கோட்டைத் தடவிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அந்த ஆளு போயிட்டா நான் யாருக்கு தம்பி பதில் சொல்றது?"

துரை மோசமான மனிதர் அல்ல. கோடு போட்டு அதன்மேல் நடக்கிறவர், அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் காமன் கூத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து லாவணி முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போவார். படத்துக்கு முன்னால் எழுந்து நின்று தனக்கே உரிய தமிழில் ஒரு பிரசங்கம் செய்தார்.

"நீ எல்லாம் எறும்பு. எறும்பு சும்மா இருக்காது. எறும்பு வேலை செய்யுது. எறும்பு வீடு கட்டுது. எறும்பு வீடு எறும்புக்கு. பாட்டுப் பாடுற பூச்சிக்கு வீடு இல்லை. பாரு, நல்லாப் பாரு."

யாரைச் சொல்கிறார் என்று தெரியாதவர்கள் அந்த மாடியில் இல்லை. பாட்டுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

படத்தை ஓட்டினேன். அக்கா பேசினார். எறும்புகள் வரிசையாகச் சுமை தூக்கிப் போனபோது, பெண்கள் கொழுந்துக் கூடையோடு எடை போடுகிற மடுவத்துக்கு நடக்கிற பேச்செல்லாம் அதில் வந்தது. அட்டைக் கடி, மழை, இடுப்பு வலி. வெட்டுக்கிளி பாடியபோது எரியாத கட்சியின் பாட்டையே எடுத்துவிட்டார். அதுவும் கிழவருடைய இழுவையில், கிழவருடைய இருமலோடு. யாரும் சிரிக்கவில்லை. பனி விழுந்தது. வெட்டுக்கிளி கதவைத் தட்டியது. அந்த இடத்தில் அக்கா வாயை மூடிக்கொண்டார். எறும்பு கதவைத் திறந்தது, விரலை ஆட்டியது, சாத்தியது. வெட்டுக்கிளி பனியில் விழுந்தது. துரை திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்தார்.

"தம்பி, திருப்பு" என்றார் அக்கா.

அது வழக்கமான வேடிக்கைதானே? திருப்பினேன். பனியில் கிடந்த வெட்டுக்கிளி எழுந்தது. பின்பக்கமாகவே நடந்து போய்க் கதவுக்கு முன்னால் நின்றது. சாத்தியிருந்த கதவு திறந்தது. எறும்பு வாசலில் நின்றது.

"நிப்பாட்டு!"

அவருக்குத் தெரியும். படம் நின்றால் பொசுங்கும் என்று நான் எத்தனையோ தடவை அவரிடம் சொல்லியிருக்கிறேன். அது ஆபீஸ் சொத்து. என் வேலையே போகலாம். இதையெல்லாம் நான் நினைத்தேனா? நினைத்தேன். இருந்தாலும் கை நிறுத்திவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களை எண்ணச் சொன்னால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

திரையில் கதவு திறந்தபடியே நின்றது. எறும்பு வாயைத் திறந்தபடி நின்றது. அக்கா அதற்கு வாய் கொடுத்தார்.

"வாங்க பாட்டுக்காரரே. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. தேத்தண்ணி கொதிக்கிது."

கதவின் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்து பெரிதாகிக்கொண்டே போயிற்று. நான் விளக்கை அணைத்தேன். கருகின வாடை. யாரோ ஜன்னல் சாக்கை இழுத்துவிட, பகல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. துரை எழுந்து நின்றார்.

"என்ன இது? கதை அது இல்லை. எறும்பு கதவு சாத்தியாச்சு!"

அக்காவும் எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு, குரலை ஏற்றாமல் பேசினார்.

"தொரைங்களே, நாங்க எறும்புன்னு சொன்னது யாருங்க?"

"நான் சொன்னது."

"எறும்பு வீடு எறும்புக்குன்னு சொன்னது?"

"நான் சொன்னது. அதுக்கு என்ன?"

"அப்ப அந்தக் கதவு எங்க கதவுங்க. தொறக்கிறதா சாத்துறதான்னு எறும்பத்தானங்க கேக்கணும்? நாங்க தொறக்கிறோம்ங்க."

லாவணியில் எதிராளி மடங்கினதும் கூட்டம் ஒரு குரலில் "ஆமா!" என்று அழுத்திச் சொல்லும். அன்றைக்கு அந்த மாடியில் அதைச் சொன்னார்கள். முயல் கட்சி, ஆமைக் கட்சி என்று பிரிந்து பிரிந்து சண்டை போட்ட சனம், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே கட்சியாக "ஆமா!" என்றது. மரப்பலகைத் தரை அதிர்ந்தது. கண்டாக்கையா முன்னால் வந்து ஏதோ அதட்டப் போனார். துரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவரும் அத்தனை வருஷம் லாவணி கேட்டவர். தன் சொல்லே தன்னை மடக்கிவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது. பதில் தேடினார். நாங்கள் எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தோம். பதில் வரவில்லை.

"சரி" என்றார் துரை. எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "எறும்பு வீட்டை எறும்பு பாத்துக்க."

தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அதற்கு மேல் அன்றைக்குக் குடற்புழுவைக் காட்ட எனக்கு மனமும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை.

அடுத்த வாரம் அந்தக் காம்பராவின் நடுவில் சாக்குப் படுதா கட்டினார்கள். உள்பக்கம் புதுச் சோடிக்கு, முன்பக்கம் பாட்டுக்காரருக்கு. அவர் சோற்றை மேட்டு லயம் முறைவைத்துப் பார்த்துக்கொண்டது. அடுத்த மாசியில் நெஞ்சிலிருந்த கொஞ்சநஞ்சக் காற்றை வைத்துக்கொண்டு அவர் எரியாத கட்சிக்குப் பாட, பெண்கள் கூட்டத்திலிருந்து பதில் வந்ததாம். இரக்கப்பட்டு ஒரு அடிகூட விட்டுக் கொடுக்கவில்லையாம்.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது. மறுநாளே கண்டாக்கையா அவரை உச்சிமலைக்குப் போட்டுவிட்டார். காட்டை ஒட்டிய செங்குத்து, அட்டையும் பனியும். மற்றப் பெண்கள் மாறி மாறிப் போவார்கள். இவர் மட்டும் மாதக் கணக்கில் அங்கேயே. துரைக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் ஆத்திரப்பட்டேன். "எனக்கென்னா தம்பி, நல்லாத்தான இருக்கேன். அங்கேர்ந்து பாத்தா வட்டகொடைக்கு ரயில் வாரது தெரியும்" என்றார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை தனக்காகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவர் பேசாததை நானாவது எழுதி வைக்கலாம் என்றுதான் இந்த வயதில் பேனாவை எடுத்தேன்.

பொசுங்கின இடத்தை நான் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. பொசுங்கியது ஒரு விரல் நீளம்தான். அதை மட்டும் வெட்டியிருந்தால் போதும். நான் கத்தரிக்கோலைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். விரலை ஆட்டுவது, கதவைச் சாத்துவது, பனியில் விழுவது எல்லாம் துண்டாக வந்துவிட்டது. பழைய படம், சிதைந்த பாகத்தை நீக்கினேன் என்று ஆபீசுக்கு எழுதினேன். வெட்டிய துண்டைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சாத்திய கதவை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுக்கு மட்டும் வாய் வேணாம் தம்பி" என்று சொல்லி அடுப்பில் போட்டார். பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் நான் அந்த வண்டியில் எட்டு வருஷம் இருந்தேன். டிக்கோயாவிலிருந்து பட்டிப்பொல வரைக்கும் எத்தனை தோட்டத்தில் அந்த எறும்புப் படத்தைக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. என் சுத்தத் தமிழ்த் தாளைத் தூக்கி எறிந்துவிட்டேன். அக்கா கொடுத்த வாயைத்தான் எல்லா இடத்திலும் வைத்துக்கொண்டேன். அவர் குரல் எனக்கு வராது. இருந்தாலும் முடிந்தவரை இழுத்துப் பார்ப்பேன்.

ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு மேலதிகாரி வந்து டிக்கோயாவில் ஆட்களோடு உட்கார்ந்து படம் பார்த்தார். தமிழர்தான். எறும்பு கதவைத் திறந்தது. "வாங்க பாட்டுக்காரரே, உள்ள வாங்க, தேத்தண்ணி கொதிக்கிது" என்றேன். திரை வெள்ளையாயிற்று. சனம் கைதட்டியது. அதிகாரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நான் சின்ன வயசுல படிச்ச கதையில வேற முடிவு இருந்துச்சே. எறும்பு கதவைச் சாத்துமே?"

"அது புஸ்தகத்துல சார்" என்றேன். "எங்க மலையில எறும்பு தொறந்திருச்சு."